ஸ்வேத மீமாம்சை: இராயபுரம் முதல் எண்ணூர் வரை

நீரைப் பற்றித் தமிழர் செய்துள்ள விசாரணை கொஞ்சநஞ்சமன்று. ஆற்று நீர், ஊற்று நீர், மழை நீர் என்று பகுத்தும், ஏரிக்கு மதகும் கலிங்கும் வகுத்தும், கண்ணீருக்குக் காவியங்களிலே தனி இடம் ஒதுக்கியும் வைத்த நம் முன்னோர், மனித சரீரத்தினின்று நாள்தோறும் பெருகிச் சட்டையை நனைத்து, புருவத்தைக் கடந்து, கண்ணிலே புகுந்து, உதட்டிலே உப்பாக முடிகிற அந்த ஒரு நீரைக் குறித்து மாத்திரம் சாஸ்திரம் ஏதும் செய்யாமல் விட்டது ஏன் என்பது ஆராய்தற்குரியது. நெற்றி வேர்வை நிலத்தில் விழ உழைத்தவரே உத்தமர் என்று மேடைதோறும் புகழ்ந்து பேசுவோர் உண்டேயொழிய, அப்படி விழுந்துவிட்ட வேர்வையால் உழைத்தவருக்கு யாதொரு குளிர்ச்சியும் கிட்டவில்லையே, நிலமல்லவா குளிர்ந்தது என்று எழுந்து கேட்டவர் ஒருவருமில்லை. அக்கேள்வியைக் கேட்கும் பொருட்டே இச்சிறு ஆராய்ச்சி எழுதப்படுகிறது.

ஆராய்ச்சி என்றால் அதற்கு இடமும் காலமும் அதிகாரியும் வரையறுக்கப்பட வேண்டும். இடம்: தெற்கே, 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம், வடக்கே, கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரம், கிழக்கே, வங்கக் கடலும் அதன் அரிப்புக்கு அஞ்சிக் கொட்டிவைத்த கருங்கற்களும், மேற்கே, இரயில் பாதை. காலம்: சித்திரை பிறந்தது முதல் வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரை. அதிகாரி, அதாவது இச்சாஸ்திரத்தைப் பயிலத் தகுதி வாய்ந்தவர் யாரெனில், துரத்துவார் ஒருவருமின்றியும், பிடிக்கவேண்டிய பஸ் எதுவுமின்றியும், தம் சொந்த விருப்பத்தின் பேரிலே ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிறவர் என்க. காசிமேட்டில் ஏலம் எடுத்த மீன்கூடையோடு வண்டிக்கு ஓடுகிறவர்களும், துறைமுகத்தை அண்டி மூட்டை சுமக்கிறவர்களும் இதில் அடங்கார். அவர்கள் இச்சாஸ்திரத்துக்கு ஆசிரியர்களேயன்றி மாணாக்கர் அல்லர். சென்னையின் மாரத்தான் ஓட்டங்களோ பெரும்பாலும் நேப்பியர் பாலத்தருகே தொடங்கித் தெற்கு நோக்கியே செல்வன. வடக்கு நோக்கி ஓடுவார்க்கு வழிகாட்ட நூலுமில்லை, வழியில் நின்று வாழைப்பழம் நீட்டுவாரும் இல்லை.

இராயபுரத்தில் மனிதர் மேலிருந்து நனைந்ததாகச் சரித்திரம் பெருமையோடு குறித்துவைத்த நாள் ஒன்றுண்டு. 1949 செப்டம்பர் 18ஆம் தேதி ராபின்சன் பூங்காவில், கொட்டுகிற மழையிலே, ஒரு கட்சியின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. மற்ற நாள்களில் இவ்வூரார் உள்ளிருந்தே நனைகிறார்கள்; அதைச் சரித்திரம் குறிப்பதில்லை.

வியர்வை மூவகைப்படும். காரத்தால் வருவது ஒன்று. அது காசிமேட்டு நண்டு மசாலாவை உண்பார் மேலுதட்டில் அரும்பி, இலை எடுத்ததும் அடங்கும். அதை ஒருவரும் குறையாகக் கொள்வதில்லை. பயத்தால் வருவது மற்றொன்று. அது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோன்றும். அதற்கு வெயில் வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாய் கசிந்தபோது, மார்கழிப் பனியிலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குப்பத்து மக்கள் ஓடினார்களே, அவ்வோட்டத்தில் வந்தது இவ்வகை. அதை வைத்து வேடிக்கை எழுதுவதற்கில்லை. மூன்றாவது, உஷ்ணத்தால் வருவது. இனி வியர்வை என்றால் அதுவே.

மேல்நாட்டார் இவ்விஷயத்தில் நம்மை முந்திக்கொண்டார்கள். இத்தாலியில் பதுவா சர்வகலாசாலையில் வைத்தியப் பேராசிரியராக விளங்கிய சாந்தோரியோ என்பார், பெரியதொரு துலாக்கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலே அமர்ந்து தம்மைத் தாமே முப்பது ஆண்டுக்காலம் நிறுத்து வந்து, உண்டதற்கும் கழித்ததற்கும் கணக்கு உதைக்கிறதே என்று வியந்து, நாளொன்றுக்கு எட்டுப் பவுண்டு உணவும் பானமும் உட்கொண்டால் அதில் ஐந்து பவுண்டு கண்ணுக்குப் புலப்படாமலே மேனியினின்று போய்விடுகிறது என்று 1614ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நாற்காலியை இராயபுரத்தில் தொங்கவிட்டிருப்பாரேயாகில், கண்ணுக்குப் புலப்படாமல் என்று எழுதத் துணிந்திருக்கமாட்டார். நாற்காலிக்கு அடியில் ஒரு தாம்பாளம் வைத்திருப்பார்.

அவருக்குப் பின் வந்தவர் சார்லஸ் பிளாக்டன் என்ற ஆங்கில வைத்தியர். இவர் தம் நண்பர்களோடு, சென்டிகிரேடில் சொன்னால் 127 பாகை அளவுக்குச் சூடேற்றப்பட்ட அறையொன்றினுள் புகுந்தார். கூடவே முட்டைகளையும், ஒரு மாட்டிறைச்சித் துண்டையும், கால் சுடாமலிருக்கக் கூடையிலே வைத்து ஒரு நாயையும் கொண்டுசென்றார். இருபது நிமிஷத்தில் முட்டை கெட்டியாக வெந்தது, இறைச்சியும் வெந்தது, வைத்தியரும் நாயும் வேகவில்லை. உயிருள்ள சரீரம் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும், அதற்குச் சாதனம் ஆவியாகும் நீரே என்பதை இவ்வாறு சமையல் மார்க்கமாக நிரூபித்து, 1775இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் அச்சிட்டார். மனிதர் தோலால் செய்ததை நாய் நாக்கால் செய்தது, அவ்வளவே பேதம். ஆனால் வாசகர் அவசரப்பட்டு மகிழ்ந்துவிடலாகாது. பிளாக்டனின் அறை உலர்ந்த அறை. எண்ணூரில் கடற்கரையோரமாக அந்த அறையைக் கட்டி, ஜன்னலையும் திறந்துவைத்திருந்தால், முட்டைக்கும் வைத்தியருக்கும் இடையே அத்தனை பேதம் காணப்பட்டிராது.

இனிக் கணக்கு. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேலேயே ஆவியாகுமானால், சரீரத்தினின்று ஏறத்தாழ 580 கிலோகலோரி உஷ்ணத்தை எடுத்துச்செல்லும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் பத்துக் கிலோமீட்டர் ஓடுவதற்குச் செலவிடுவது சுமார் 600 கிலோகலோரி. அதில் காலை நகர்த்தும் வேலைக்கு உதவுவது மிஞ்சிப்போனால் கால் பங்கு. மற்ற முக்கால் பங்கு, அதாவது 450, வெறும் சூடு. அதை வெளியேற்ற முக்கால் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட வியர்வையே போதும். ஆனால் வைகாசி மாதத்தில் திருவொற்றியூர்வரை போய்த் திரும்புகிறவர் ஒன்றரை லிட்டரை இழப்பது சாதாரணம். மிச்சமுள்ள முக்கால் லிட்டர் எங்கே போயிற்று? முழங்கையினின்றும் மோவாயினின்றும் விரல்நுனியினின்றும் சொட்டி, எண்ணூர் விரைவுச் சாலைக்குத் தானமாயிற்று. ஆதலின் உஷ்ண வியர்வையை, ஆவியாகித் தன் கடமையைச் செய்யும் சார்த்தக ஸ்வேதம் என்றும், யாதொரு கடமையும் செய்யாமல் உதிரும் நிரர்த்தக ஸ்வேதம் என்றும் மேலும் இரண்டாகப் பகுப்பது அவசியமாகிறது. வடசென்னையில் பின்னதே பெரும்பான்மை. வியர்வையை நிறுத்த உபாயம் தேடுகிறவர் மூடர். உதிரப்போவதை ஆவியாக்க உபாயம் தேடுகிறவரே இச்சாஸ்திரத்தின் அதிகாரி.

உதிர்வானேன் என்றால், காற்றுக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கிறது. 35 பாகைச் சூட்டிலுள்ள ஈரத்தோலின் நீராவி அழுத்தம் பாதரச அளவில் 42 மில்லிமீட்டர். ஆனி மாதத்துக் காசிமேட்டுக் காற்றில் 25 மில்லிமீட்டர் நீராவி முன்னமே குடியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 17தான் வியர்வையை மேலே இழுக்கிற சக்தி. கடல் எட்டாத வறண்ட சீமையொன்றில் காற்றின் பங்கு 10 என்றால் வித்தியாசம் 32 ஆகும். அங்கே ஓடுகிறவர் தமக்கு வியர்க்கவேயில்லை என்று எண்ணிக்கொண்டு ஓடுவார். இங்கே ஓடுகிறவருக்கு அப்படியொரு மயக்கம் ஒருநாளும் உண்டாகாது.

இவ்விடத்தில் பூர்வபட்சி ஒருவர் எழுந்து, "விடியற்காலையில் ஓடுவதே நல்லதென்கிறார்கள், ஆனால் வானிலை அறிக்கையைப் பாரும், காலையில் ஈரப்பதம் 85 விழுக்காடு, பிற்பகலில் 54 விழுக்காடுதான். உலர்ந்த வேளையில் ஓடுவதல்லவா யுக்தி?" என்று ஆட்சேபிக்கிறார். இது அழகிய ஆட்சேபம்; இதைக் கேட்டுப் பிற்பகல் மூன்று மணிக்கு ஓடப் புறப்பட்டவர் இருக்கவும் கூடும். சமாதானம்: 28 பாகையில் 85 விழுக்காடு என்பதும் நீராவி அழுத்தம் 24 மில்லிமீட்டர், 36 பாகையில் 54 விழுக்காடு என்பதும் அதே 24 மில்லிமீட்டர். காற்று சூடானதால் அதன் கொள்ளளவு பெருகி விழுக்காடு இறங்கிற்றேயன்றி, அதிலுள்ள நீர் ஒரு துளியும் குறையவில்லை. ஈரம் இரண்டு வேளைக்கும் ஒன்றே. பிற்பகலுக்கு வெயில் உபரி. அமெரிக்க மரைன் படை வீரர்கள் பயிற்சியின்போது வெயிலில் விழத் தொடங்கியதையொட்டி 1950களில் அந்நாட்டார் வகுத்த உஷ்ண அளவையிலே, ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்குப் பத்தில் ஏழு பங்கும், வெயிலை அளக்கும் கருங்கோளத்துக்கு இரண்டு பங்கும், நாம் அனைவரும் பார்த்துப் பெருமூச்செறிகிற சாதாரண வெப்பமானிக்கு ஒரே ஒரு பங்கும் கொடுத்திருப்பதன் தாற்பரியம் இதுவே. நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவான 2003 மே 31ஆம் தேதியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 33 பாகையும் காற்றசைவற்ற புழுக்கமுமாய்க் கழிகிற ஆவணி மாலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓடுகிறவருக்கோ அந்த ஆவணி மாலைதான் சோதனை.

காற்றைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனெனில் விஷயம் முழுவதும் அதிலேதான் தங்கியிருக்கிறது. மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் தமக்கென்று ஒரு காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். அக்காற்று தோலை ஒட்டிய ஈரப்படலத்தைத் துடைத்துக்கொண்டு போகிறது. பின்னாலிருந்து அதே வேகத்தில் காற்று வீசுமானால் இரண்டும் கழிந்துபோய், ஓடிக்கொண்டே அசையாக் காற்றில் நிற்கிற விபரீத நிலை எய்துகிறார். கோடை மாலைகளில் கடற்காற்று இங்கே தென்கிழக்கிலிருந்து வருவதால், வடக்கே எண்ணூர் நோக்கி ஓடும்போது அது முதுகிலும், தெற்கே திரும்புகையில் முகத்திலும் படும். எனவே முதலில் வடக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்புவது உத்தமம். சரீரம் சூடேறிய பிற்பாதிக்குக் காற்று முகத்தில் கிடைக்கும். எண்ணூர்வாசிகள் இதைத் தலைகீழாகச் செய்யவேண்டி வருவது அவர்கள் பிறந்த ஊரின் தோஷமேயன்றி சாஸ்திரத்தின் தோஷமன்று.

இத்தனை நுட்பமான கணக்கையும் ஒரு நொடியில் அழிக்கவல்லது கன்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குள் நுழையும் முறைக்குக் காத்து, விரைவுச் சாலையின் ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாய் அவை நிற்கும்போது, கடலுக்கும் மனிதருக்கும் நடுவே இரும்பாலான ஒரு மதில் எழுந்துவிடுகிறது. நாற்பதடி நீளமுள்ள பெட்டியின் பக்கத்தில் காற்று செத்துக் கிடக்கும். இரண்டு லாரிகளுக்கு நடுவிலுள்ள இரண்டடி இடுக்கில் மாத்திரம் கடற்காற்று குத்தீட்டியாய்ப் பாயும். நாள் பகலெல்லாம் வெயில் குடித்த தகட்டின் சூடும், அணைக்காத இன்ஜினின் சூடும், டயர் நிழலில் குந்தியபடி கிளீனர் பையன் மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு வடிக்கிற ஆவியும் ஒன்றுகூடி ஓடுகிறவரை எதிர்கொள்ளும். அனுபவசாலிகள் பெட்டி நெடுக மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து, இடுக்கு வந்ததும் வேகத்தைத் தளர்த்திக் கைகளை அகல விரிப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒருவகை நடனமாகத் தோன்றக்கூடும்.

கண் விஷயத்துக்கு வருவோம். நெற்றி வியர்வையைத் தடுக்க ஆண்டவன் புருவம் வைத்தான். ஆனால் அதன் கொள்ளளவு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. இராயபுரத்தினின்று அத்தனை தூரத்தில் அமைந்தது திருவொற்றியூர். சங்கிலி நாச்சியாருக்கு மகிழ மரத்தடியில் கொடுத்த வாக்கை மீறி, ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் சுந்தரர் பார்வை இழந்தார் என்பது பெரியபுராணத்தால் நாமறிந்த வரலாறு. யாதொரு வாக்கும் கொடாத ஓட்டக்காரரும் ஏறத்தாழ அதே எல்லையில் உப்பு நீர் புகுந்து இரண்டு கண்ணும் எரிந்து வழி தெரியாமல் நிற்பதை ஆராய்ச்சியாளர் பன்முறை கண்டுள்ளனர். இதற்குக் கடைகளில் நெற்றிப்பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். துறைமுகச் சுமைக்காரர்களும் லாரி ஓட்டுநர்களும் ஈரிழைத் துண்டை முறுக்கி முண்டாசாகக் கட்டுவதும் அதே காரியத்தைச் செய்கிறது. தவிரவும், முண்டாசை அவிழ்த்தால் துடைத்துக்கொள்ளலாம், பிழியலாம், உதறி மறுபடியும் கட்டலாம், நிழல் கண்ட இடத்தில் விரித்து உட்காரலாம். நெற்றிப்பட்டை நெற்றிக்கு மாத்திரம் பட்டை.

துண்டு என்றதும், அது ஆராய்ச்சிக்கு எத்தகைய ஆவணம் என்பதையும் சொல்லவேண்டும். வெள்ளைத் துண்டொன்றை எடுத்துக்கொண்டு ஓடி, ஊருக்கு ஊர் வேறு வேறு மடிப்பிலே முகம் துடைத்து, வீட்டுக்கு வந்து விரித்துப் பார்ப்பீராக. காசிமேட்டு மடிப்பு ஏறக்குறைய வெண்மையாகவே இருக்கும். ஆனால் முகர்ந்தால் டீசலும் ஐஸில் ஊறிய மீனும் கலந்த வாடை வரும். எங்காவது ஒரு செதில் ஒட்டிக்கொண்டு மின்னும். தண்டையார்பேட்டை மடிப்பு செம்மண் நிறமான சாலைப் புழுதி. திருவொற்றியூர்த் தேரடியில் நின்று தியாகராஜ சுவாமி கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டவராயின், அந்த மடிப்பில் விபூதிக் கோடு. அதற்கு வடக்கே போகப்போக நிறம் சாம்பலாகிக் கறுக்கும். 2011இல் நீதிமன்ற ஆணையால் சென்னைத் துறைமுகத்தினின்று நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்தது. 1970இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டாலும், சாம்பலுக்குக் குறைவில்லை. இராயபுரத்தார் துண்டு வெளுத்தது. எண்ணூரார் துண்டு கறுத்தது. இரண்டு கோட்டத்தின் பொருளாதாரத்தையும் எழுதுவார்க்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது. வறண்ட மேனியில் படிகிற தூசி தட்டினால் போகும்; வியர்த்த மேனியில் படிவது சாந்தாகிவிடும் என்பதை மாத்திரம் சேர்த்துக்கொள்க.

ஆடை விஷயத்தில் பூர்வபட்சம் பலமானது. பருத்தியே இந்நாட்டுத் துணி. வெயிலுக்குப் பருத்தியே சுகம். அப்படியிருக்கப் பாலியெஸ்டர் அணிவது அநாசாரம் என்பர். உட்கார்ந்திருப்பவருக்கு இது முற்றிலும் பொருந்தும். ஓடுகிறவருக்கோ, சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டரை விழுக்காடு ஈரத்தை உள்ளே வாங்கிவைக்கிற பருத்தி, வியர்வை கண்டதும் குடித்துக் குடித்துப் பனியன் தொங்கி, முதுகோடு ஒட்டிக் காற்றை மறித்து, மார்க்காம்பை உராய்ந்து இரத்தமே காட்டிவிடும். பாலியெஸ்டரின் கொள்ளளவு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அது குடிப்பதில்லை, பரப்பிவிடும். பரந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகும். ஆகவே பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய, துளைகள் நிறைந்த ஜெர்சியே சித்தாந்தம். அதற்குள்ள குறை மறுநாள் காலையில் மூக்குக்குத் தெரியும். அது ஓட்டத்தைச் சேர்ந்த குறையன்று, குடும்பத்தைச் சேர்ந்தது. உராயும் இடங்களுக்கு வாசலின் அல்லது தேங்காயெண்ணெய். ஊறிய ஷூவுக்குள் பழைய தினத்தந்தி. இதற்குமேல் இவ்விஷயம் விரிக்கத் தக்கதன்று.

உண்மையில் இரண்டையும் வென்ற ஆடை ஒன்றுண்டு. அதை அணிந்தவர் திருவொற்றியூர்க் கடற்கரையிலேயே சமாதி கொண்டிருக்கிறார். பட்டினத்தடிகள் தம் சகல சம்பத்தையும் துறந்து ஒற்றைக் கோவணத்தோடு திரிந்தது ஞானத்தால் என்றே உரையாசிரியர்கள் கூறுவர். இவ்வூர்ப் புழுக்கத்தை அனுபவித்தவர்கள் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாமென்று ஊகிப்பது அபசாரமாகாது. ஆயினும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மூட்டை சுமப்பவர் வெற்றுடம்போடு போகலாம். கணக்காளராய் உத்தியோகம் பார்க்கிற நடுவயதுக்காரர் அப்படி ஓடினால், அடுத்த தெருவில் சம்பந்தியின் வீடு இருக்கும்.

வியர்த்தால் கொழுப்பு கரையும் என்ற மதத்தையும் இங்கே கண்டித்துவிட வேண்டும். சார்பட்டா பரம்பரை என்றும் இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்றும் குத்துச்சண்டைக்குப் பேர்போன இச்சீமையில், எடை பார்க்கும் நாளுக்குமுன் தடித்த சட்டைமேல் சட்டை போட்டு வெயிலில் ஓடி எடையை இறக்குவது பழைய உபாயம். அது அவர்களுக்குத் தராசை ஏமாற்றும் வித்தையேயன்றி மெலியும் வித்தையன்று. இதையறியாமல், சார்பட்டா பரம்பரையைப் பற்றி 2021இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு மழைக்கோட்டு அணிந்து ஓடுகிறவர்கள் உளர். மழைக்கோட்டுக்குள் பொழியும் வியர்வை முழுவதும் நிரர்த்தகம். இழந்த ஒரு கிலோவும் ஒரு லிட்டர் நீரே. அது முதல் சொம்பிலேயே திரும்பிவிடும்.

எந்தச் சொம்பு என்பதில்தான் வித்துவான்களுக்குள் அபிப்பிராய பேதம். லிட்டர் வியர்வையோடு சராசரியாக ஒரு கிராமளவு சோடியமும் போகிறது. ஆளுக்கு ஆள் இதில் பாதியும் உண்டு, இரட்டிப்பும் உண்டு. கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடாய் உப்புப் பூக்கிறவர்கள் இரட்டிப்புக்காரர்கள். போனது உப்புநீராயிருக்க, வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டே ஓடுவதால் இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கி விழுந்தவர்கள் உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைச் சோதித்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுகோஸும் உள. அமெரிக்காவில் ஃபுளோரிடா சர்வகலாசாலையார் 1965இல் தம் விளையாட்டு வீரர்களுக்கென்று கலக்கிய பானமும் ஏறக்குறைய அந்த வழியிலேயே சென்றது. இவ்விரண்டையும் ஆராய்ந்தபின், ஆராய்ச்சியாளர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வேப்பமரத்தடியில் நிற்கும் கேழ்வரகுக் கூழ் வண்டியை நாடலாயினர்.

வண்டிக்கார அம்மாள் ஆராய்ச்சியாளரைத் தலை முதல் கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"இன்னா சார், ஷவருக்கு அடியில நின்னுட்டு நேரா வந்த மாரி கீற? யாராச்சும் தொரத்துனாங்களா?"

"இல்லேம்மா, சும்மா ஓடினேன்."

"சும்மாவா?" என்று அவர் அந்தச் சொல்லைச் சற்று நேரம் ஆராய்ந்துவிட்டு, "குந்து சார். மூச்சு வாங்கிக்க. மொதல்ல அரைச் சொம்பு குடி, மொத்தமா ஊத்திக்காத, வவுறு புடிச்சுக்கும். தொட்டுக்க இன்னா வைக்கட்டும், வெங்காயமா, மோர் மொளகாவா? கருவாடும் கீது."

மோரும் உப்பும் கலந்து கரைத்த கூழில் நீருண்டு, உப்புண்டு, மாவுண்டு, மோரின் புளிப்பால் மேலும் குடிக்கத் தோன்றும் ருசியுண்டு. மோர் மிளகாயும் கருவாடும் உப்பின் பாகத்தை நிறைவு செய்கின்றன. அரைச் சொம்பாய்ப் பிரித்துக் குடிக்கவேண்டும் என்ற விதியும் சேர்ந்தே கிடைத்தது. ஃபுளோரிடாவில் இதற்கு ஒரு வைத்தியர் குழு தேவைப்பட்டது.

ஓடி ஓடிப் பழகினால் வியர்ப்பது குறையுமா என்று ஆவலோடு கேட்கிறவர்களுக்கு விடை சொல்லச் சங்கடமாயிருக்கிறது. பத்துப் பதினான்கு நாள் வெயிலிலே பழகிய சரீரம் முன்னைவிடச் சீக்கிரமாக, முன்னைவிட அதிகமாக வியர்க்கும். உப்பை மாத்திரம் சிக்கனமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். சித்தி பெற்றவரே அதிகம் நனைவார் என்பது தேர்ந்த சித்தாந்தம். ஜப்பானிய அறிஞர் யாஸ் கூனோ, வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்தின் முதல் இரண்டரை ஆண்டுகளில் வாழ்ந்த இடத்தின் உஷ்ணத்தாலே தீர்மானமாகிறது, வெப்ப தேசத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு அவை அதிகம் என்று 1956இல் எழுதினார். அப்படியானால் இராயபுரத்தில் தொட்டிலாடியவரின் சுரப்பிகள் பிதிரார்ஜிதச் சொத்து. உத்தியோகத்துக்காக நீலகிரியினின்று வந்தவர் எத்தனை ஓடினாலும் குத்தகைதாரரே.

ஒரு விஷயத்தில் மாத்திரம் பாண்டித்தியத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லவேண்டும். வியர்வை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளுஷ்ணம் 40 பாகையைத் தாண்டிவிடலாம். வியர்க்கிறதே, பயமில்லை என்று எண்ணலாகாது. கூட ஓடுகிறவர் தள்ளாடினாலும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினாலும், 108க்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி மேனியெல்லாம் குளிர்ந்த நீரை ஊற்றவேண்டும். ஐஸ் நீருள்ள தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்துவது எல்லாவற்றிலும் சிறந்தது. வேறு பேட்டைகளில் அத்தனை ஐஸுக்கு எங்கே போவது? காசிமேட்டில் மீனுக்கென்று உடைத்த ஐஸ் மலையாய்க் கிடக்கிறது, தொட்டியும் கிடக்கிறது, கேட்டால் தூக்கிப் போடவும் நான்கு பேர் உடனே வருவார்கள். வஞ்சிரத்தின் வாடை இரண்டு நாள் போகாது, ஆள் பிழைத்துக்கொள்வார்.

கடைசியாக, திரும்பும் மார்க்கம். விம்கோ நகர்வரை ஓடி, திரும்பவும் ஓடிவரச் சக்தியற்றவர்கள் 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ இரயிலை நாடலாயினர். பெட்டிக்குள் காற்று 24 பாகை. அதன் நீராவி பாதரச அளவில் சுமார் 12 மில்லிமீட்டர்தான். பத்துக் கிலோமீட்டர் நெடுகத் தோலுக்கும் காற்றுக்கும் இடையே 17 ஆக இருந்த வித்தியாசம், கதவு மூடிய மாத்திரத்தில் 30ஐ நெருங்குகிறது. ஓடும்போது கடமையைச் செய்ய மறுத்து உதிர்ந்த வியர்வை, ஓட்டமெல்லாம் முடிந்து, குளிர்ச்சி யாருக்கும் வேண்டாத இந்த வேளையிலே, இரட்டை உற்சாகத்தோடு ஆவியாகத் தொடங்குகிறது. தேரடி நிலையத்தில் புல்லரிக்கும். காலடிப்பேட்டையில் பல் கிட்டும். டோல்கேட்டில் ஏறுகிற குடும்பத்தினர் பக்கத்து இருக்கைகள் காலியாயிருந்தும் அடுத்த பெட்டிக்கு நடந்துவிடுவார்கள். ஆராய்ச்சியாளரும் உட்காருவதில்லை, உட்கார்ந்து எழுந்தால் இருக்கையில் அவருடைய உருவம் ஈரமாய்ப் பதிந்திருக்கும். தண்டையார்பேட்டை வருவதற்குள் சட்டை முழுக்கக் காய்ந்து உப்புப் பூத்துவிடும், தும்மலும் ஆரம்பமாகிவிடும்.